எல்இடி மாஸ்க்: முதலில் ஒளி, அப்புறம்தான் க்ரீம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் மாலை நேரச் சருமப் பராமரிப்பு பற்றி வந்த குறிப்பைப் படித்தோம். சின்னச் சின்ன விளக்குகளின் ஒளியை முகத்தில் பாய்ச்ச அணியும் எல்இடி மாஸ்க் குறித்து அதில் மூன்று யோசனைகள் இருந்தன. நைட் க்ரீமைத் தடவிக்கொண்டு அதன்மேல் மாஸ்க்கைப் போடலாம். பத்து நிமிடத்துக்குப் பதில் அரை மணி நேரம் வைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். ஏழு நிறங்களையும் நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போடலாம். மூன்றுமே தவறு. முதல் இரண்டால் பெரும்பாலும் நேரம்தான் வீணாகும். மூன்றாவது அப்படியல்ல, மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் அது முகத்தில் கறுப்புத் திட்டாகவே விழக்கூடும்.

மாஸ்க் செய்வது ஒரே வேலைதான்: குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியைத் தோலுக்குள் அனுப்புவது. நடுவில் எது நின்றாலும் உள்ளே போகும் ஒளி குறையும். காலையில் பூசிய சன்ஸ்கிரீனில் ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ இருந்தால், ஒளி மேலேயே சிதறிவிடும். நிறம் கலந்த சன்ஸ்கிரீனிலும் ஃபவுண்டேஷனிலும் உள்ள இரும்பு ஆக்சைடு அதைவிடக் கெட்டி. நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் சேர்த்துத் தடுப்பது அதனால்தான். அதைக் கழுவாமல் மாஸ்க் போடுவது குடை பிடித்துக்கொண்டு வெயில் காய்வதைப் போன்றது. நைட் க்ரீம் வெள்ளையாகத் தெரிவதும் அது ஒளியைச் சிதறடிப்பதால்தான். தேய்த்த பிறகு ஓரளவு தெளிந்துவிடும், உண்மை. ஆனால் அதன் எண்ணெய்ப் பசை மாஸ்க்கின் உட்புறத்தில் ஒட்டி, நாள்பட நாள்படப் படலமாகிவிடும். அந்தப் படலம் ஒளியையும் மறைக்கும், மறுநாள் முகத்தில் அழுக்கையும் தேய்க்கும்.

ஆகவே வரிசை இதுதான். சன்ஸ்கிரீனையும் மேக்கப்பையும் எண்ணெய் அடிப்படையிலான க்ளென்சராலோ மைசெல்லார் வாட்டராலோ முதலில் எடுத்துவிட வேண்டும். பிறகு மென்மையான ஃபேஸ் வாஷால் ஒருமுறை கழுவ வேண்டும். மிச்சம் தங்குவது பெரும்பாலும் மூக்கு மடிப்பிலும் புருவத்தின் அடியிலும் நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்திலும் தாடையின் கீழ்ப்பக்கத்திலும்தான். ஈரப் பஞ்சு ஒன்றை மூக்கு மடிப்பில் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். பஞ்சில் பழுப்பு ஏறினால் இன்னொரு முறை கழுவ வேண்டியதுதான். மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, முகம் காய ஐந்து நிமிடம் விட வேண்டும். துடைத்த உடனே போட்டால் வளையும் வகை மாஸ்க்கின் சிலிகோன் வழுக்கி அது கீழே இறங்கும், கண் ஓட்டைகள் கன்னத்துக்கு வந்துவிடும். கடின வகை மாஸ்க்கில் நீர்த்துளி இணைப்புகளுக்குள்ளும் போகும்.

காய்ந்த வெறும் முகத்தில் மாஸ்க். அது அணைந்ததும் கழற்றிவிட்டு, சீரம், அதன்மேல் மாய்ஸ்சரைசர். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு) பழகியவர்கள் அதையும் மாஸ்க்குக்குப் பிறகே தடவ வேண்டும். ரெட்டினால் உள்ளிட்ட ரெட்டினாய்டுகள் ஒளியில் சிதையும் தன்மை உள்ளவை. தடவிக்கொண்டு விளக்கைப் போட்டால் மருந்தும் கெடலாம், தோலும் எரியலாம். இப்போதுதான் ரெட்டினால் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே இரவில் சேர்க்காமல், ஒருநாள் ஒளி, ஒருநாள் ரெட்டினால் என்று பிரித்துக்கொள்வது நல்லது. எரிச்சல் வந்தால் எதனால் வந்தது என்றாவது தெரியும். கிளைகாலிக், சாலிசிலிக் போன்ற அமிலங்களைத் தடவி அதன்மேல் மாஸ்க்கை அழுத்திக் கட்டவே கூடாது. மாஸ்க்குக்கு அடியில் சூடும் வியர்வையும் அடைபடும், அமிலம் வழக்கத்தைவிடக் கடுமையாக இறங்கும். பென்சாயில் பெராக்சைடு தடவுகிறவர்கள் அதையும் மாஸ்க்குக்குப் பிறகே வைத்துக்கொள்ளட்டும். முன்னால் தடவினால் துணிப் பட்டை வெளுத்துப்போவது கண்கூடு.

இனி நேரக் கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எத்தனை மில்லிவாட் ஒளி விழுகிறது என்பதையும் எத்தனை வினாடி விழுகிறது என்பதையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், தோல் வாங்கிய அளவு ஜூலில் கிடைக்கும். மாஸ்க் 30 மில்லிவாட் தருகிறது, பத்து நிமிடம் போட்டீர்கள் என்று வையுங்கள். 30 பெருக்கல் 600 வினாடி 18,000. ஆக, சதுர சென்டிமீட்டருக்கு 18 ஜூல். அதையே அரை மணி நேரம் வைத்தால் 54 ஜூல். இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். ஒளிக்குத் தோல் செல் காட்டும் எதிர்வினை ஏறிக்கொண்டே போவதில்லை. ஓர் அளவுவரை ஏறும், அதற்குமேல் இறங்கத் தொடங்கும். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியையும் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி உறிஞ்சுகிறது, அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். அந்தத் தூண்டலுக்குத் தேவை சிறிய அளவுதான்.

சொல்லப்போனால் இந்தத் துறை பிறந்ததே பலவீனமான ஒளியால்தான். 1967இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், ரூபி லேசர் புற்றுநோயை உண்டாக்குமா என்று பார்க்க, முடி மழித்த எலிகளின் மேல் அதைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு முடி வேகமாக வளர்ந்தது. திசுவைச் சுடும் அளவுக்கு அந்த லேசர் வலுவாக இருந்திருந்தால் இந்த விஷயமே கண்ணில் பட்டிருக்காது. ஆகவே மாஸ்க் பத்து நிமிடத்தில் தானாக அணைந்தால் மறுபடி பொத்தானை அமுக்காதீர்கள். அந்த டைமரை வைத்திருப்பது பேட்டரியை மிச்சப்படுத்த அல்ல.

வாரத்துக்கு எத்தனை முறை? கருவியோடு வரும் கையேடுதான் கணக்கு. பெரும்பாலானவை மூன்று முதல் ஐந்து முறை என்கின்றன. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரக் கணக்கை ஒரேயடியாகத் தீர்ப்பது நடக்காது. பருவுக்கு நான்கு முதல் ஆறு வாரம், மெல்லிய சுருக்கத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். பார்ப்பது என்றால் கண்ணாடியில் அல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே சுவரோரம் நின்று, அதே விளக்கில், அதே தூரத்தில், முகம் கழுவிய பின் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாஸ்க் போட்டு எடுத்தவுடன் முகம் லேசாகச் சிவந்து பளபளப்பாகத் தெரிவதைப் பலன் என்று நினைக்க வேண்டாம். அது இளஞ்சூட்டில் இரத்த ஓட்டம் கூடியதால் வருவது, சிறிது நேரத்தில் போய்விடும். ஆழமான கட்டிப்பருவும் குழித்தழும்பும் இந்த விளக்குக்கு மசியாது, தொங்கிய தோலும் அப்படித்தான்.

நிறங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முகத்துக்கு ஓரளவு ஆதாரமுள்ள அலைநீளங்கள் மூன்று: 630 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு, 830ஐ ஒட்டிய அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளி, 415ஐ ஒட்டிய நீலம். முதல் இரண்டும் தோலுக்குள் சில மில்லிமீட்டர் இறங்கும். நீலம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. பருவை உண்டாக்குவதில் பங்குள்ள க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா தனக்குள் போர்ஃபைரின் என்ற பொருளைச் சேர்த்து வைக்கிறது. 415ஐ ஒட்டிய நீல ஒளியை அந்தப் போர்ஃபைரின் வெகுவாக உறிஞ்சி, தீவிர ஆக்சிஜனை வெளியிட்டு, அந்தப் பாக்டீரியாவையே கொல்கிறது. நீல ஒளியின் பயன் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

இப்போது ஏழு நிற மாஸ்க்கை அருகில் வைத்துப் பாருங்கள். மாஸ்க்கை அணைத்துவிட்டு ஒரு பல்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், சின்னச் சதுரத்துக்குள் மூன்று புள்ளிகள் தெரியும்: சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. அலங்கார விளக்குச் சரத்தில் இருப்பதும் இதே சில்லுதான். ஊதா என்பது சிவப்பும் நீலமும் சேர்ந்து எரிவது, மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும், வெள்ளை என்றால் மூன்றும். கண்ணுக்கு ஏழு நிறம், தோலுக்கு மூன்றே அலைநீளம். அதிலும் இந்த வகைச் சில்லின் நீலம் பொதுவாக 460 முதல் 475 வரை இருக்கும், பருப் பாக்டீரியாவுக்கு வேண்டிய 415 அல்ல. 590இல் எரியும் தனி மஞ்சள் எல்இடியும், சிவப்பையும் பச்சையையும் கலந்து காட்டும் மஞ்சளும் வேறு வேறு. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

மங்கு (முகத்தில் படரும் பழுப்புத் திட்டு) உள்ளவர்களும், பரு ஆறிய இடத்தில் கறுப்புத் தழும்பு விழும் தோல்வாகு உள்ளவர்களும் நீலத்தைத் தொட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. குறுகிய அலைநீள நீல ஒளி மாநிறத் தோலில் நாள்கணக்கில் நிற்கும் கருமையை உண்டாக்கும் என்பதும், அதே சோதனையில் 630 சிவப்பு அப்படிச் செய்யவில்லை என்பதும் ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. நிறமி தயாரிக்கும் செல்களில் உள்ள ஆப்சின்-3 என்ற புரதம் நீல ஒளியை உணர்ந்து, மெலனின் உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. வெளிறிய தோலுள்ளவரிடம் எடுத்த முன்-பின் படத்தைப் பார்த்து மாநிறத்தவர் அதே நிரலைப் பின்பற்றினால் முடிவு வேறாகத்தான் இருக்கும். மங்குக்கு வெப்பமும் ஆகாது. சிவப்பு மட்டும் போட்டாலும் மாஸ்க் முகத்தில் சுடுவதுபோல் இருந்தால், அல்லது நான்கு வாரத்தில் திட்டின் ஓரம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தால், நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

விளம்பரத்தில் வரும் பல்புகளின் எண்ணிக்கையும் ஏழு நிறத்தைப் போலத்தான். ஒரே உறைக்குள் மூன்று சில்லு இருந்தால் மூன்றாக எண்ணி அட்டையில் அச்சிடுகிறவர்கள் உண்டு. கேட்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல. அலைநீளம் நானோமீட்டரில் எழுதியிருக்கிறதா, தோலைத் தொடும் தூரத்தில் எத்தனை மில்லிவாட் என்று எழுதியிருக்கிறதா, விளக்குகளின் ஒளிப் பாதுகாப்புக்கான ஐஇசி 62471 சோதனையில் தேறியதா என்பவைதான் கேள்விகள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பெயரைப் போட்டிருந்தால் வார்த்தையைக் கவனியுங்கள். இத்தகைய மாஸ்க்குகளுக்கு அது பொதுவாகத் தருவது, ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒரு கருவிக்கு இது நிகரானது என்ற அனுமதி. புது மருந்துக்குத் தரும் ஒப்புதலும் அதுவும் ஒன்றல்ல.

அகச்சிவப்புக்கு அருகிலுள்ள 830 ஒளி கண்ணுக்குத் தெரியாது. அந்த விளக்குகள் எரிகின்றனவா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கைபேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, டிவி ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டி ஒரு பொத்தானை அமுக்குங்கள். திரையில் வெளிர் ஊதாப் புள்ளி மினுங்கினால் அந்தக் கேமராவுக்கு இந்த ஒளி தெரிகிறது என்று பொருள். இப்போது இருட்டறையில் மாஸ்க்கை எரியவிட்டு அதே கேமராவில் பாருங்கள். கண்ணுக்கு அணைந்திருப்பதுபோல் தெரிந்த பல்புகள் திரையில் வெளிறி எரிய வேண்டும். ஒரு வரிசை முழுக்க இருட்டாக இருந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கலாம். வளையும் சிலிகோன் மாஸ்க்கில் இது நடப்பது பெரும்பாலும் மூக்குத்தண்டு மடியும் இடத்திலும் கேபிள் உள்ளே நுழையும் இடத்திலும்தான். இரண்டாக மடித்துப் பைக்குள் திணிப்பதும், கன்ட்ரோலரைச் சுற்றிக் கேபிளை இறுக்கிக் கட்டுவதும் காரணம். விரித்த நிலையில் தட்டையாக வையுங்கள்.

ஒளி தூரத்தில் வேகமாகக் குறையும் என்பதால் மாஸ்க் முகத்தில் எப்படி உட்காருகிறது என்பதும் கணக்கில் வரும். உட்கார்ந்தால் சிலிகோன் மாஸ்க் தன் எடையால் முன்னே சரிந்து நெற்றியில் இடைவெளி விடும். படுத்தால் நெற்றியில் ஒட்டிக்கொண்டு தாடையில் தூக்கும். தலையணையில் பாதி சாய்ந்த நிலை இரண்டுக்கும் நடுவானது. பட்டையை, அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்குமேல் இறுக்கி, மூக்கிலும் கன்ன எலும்பிலும் தடம் பதிந்து, அந்தத் தடத்திலேயே பொரிப்பொரியாகப் பரு வந்தால், அது ஒளியால் வந்ததல்ல, உராய்வாலும் வியர்வையாலும் வந்தது.

கண்ணுக்கு வருவோம். அந்த மூன்று யோசனைகளோடு, கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்றும் அந்தக் குறிப்பில் இருந்தது. கண்ணிமை நீலத்தைப் பெருமளவு தடுக்கும். சிவப்பை அவ்வளவு தடுக்காது. விளக்கை நோக்கிக் கண்ணை மூடினால் உள்ளே செக்கச்செவேல் என்று தெரிவது அதனால்தான். மாஸ்க்கோடு வரும் கண் வளையத்தையோ கறுப்புக் கண்ணாடியையோ கழற்றிவிட்டுப் போடக் கூடாது. கண்ணோரச் சுருக்கத்துக்காகக் கழற்றுகிறவர்கள்தான் அதிகம். 2019 ஜூலையில் சருமப் பராமரிப்பு நிறுவனமான நியூட்ரோஜீனா தன் லைட் தெரபி மாஸ்க்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, கண் அல்பினிசம் போன்ற கண் குறைபாடுள்ளவர்களுக்கும், கண்ணின் ஒளியுணர்வைக் கூட்டும் மருந்து எடுப்பவர்களுக்கும் கண் பாதிப்பு வரக்கூடும் என்ற முன்னெச்சரிக்கைதான் காரணமாகச் சொல்லப்பட்டது. விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மாஸ்க் போட்ட மறுநாளும் கண் கூசினாலோ தலைவலி தொடர்ந்தாலோ கண் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். போர்ஃபைரியா உள்ளவர்கள் கட்டாயம் ஒதுங்க வேண்டும். பருப் பாக்டீரியாவைக் கொல்லும் அதே போர்ஃபைரின் அவர்கள் உடலிலேயே தேங்கியிருப்பதால், நீல ஒளி பட்டால் கடும் வலி எடுக்கக்கூடும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு விட்டுவிட்டு மின்னும் நிரல்கள் ஆகாது. தோல் புற்றுநோய் வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். டாக்சிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின், அமியோடரோன், ஹைட்ரோகுளோரோதயசைடு, செயின்ட் ஜான்ஸ் வொர்ட் மூலிகை ஆகியவை தோலின் ஒளியுணர்வைக் கூட்டும். அவற்றில் பல புறஊதாக் கதிரில்தான் அதிகம் வேலையைக் காட்டும், மாஸ்க்கில் புறஊதா இல்லை என்பது சரிதான். இருந்தாலும் மாத்திரைப் பட்டையைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மருத்துவமனையில் அமினோலெவுலினிக் அமிலம் தடவிச் சிவப்பு விளக்கில் செய்யும் ஃபோட்டோடைனமிக் சிகிச்சை முற்றிலும் வேறு. அந்த மருந்தை வாங்கி வீட்டு மாஸ்க்கில் முயல்வது புண்ணில்தான் முடியும்.

மாலையில் எப்போது? முகம் கழுவும் நேரமே சரி. சிவப்பு ஒளி தூக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. 460-480ஐ ஒட்டிய நீலம், தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும், ஆகவே நீலம் போடுகிறவர்கள் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. மாஸ்க்கோடு தூங்கிவிடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது அணியவும் கூடாது. பல கருவிகள் சார்ஜரில் இருக்கும்போது எரியாதபடியே வருகின்றன, எரிகிற கருவியிலும் அதைச் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் முடித்தபின் உட்புறத்தை ஈரமான மென்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். குழாயடியில் பிடிக்காதீர்கள். அக்ரிலிக் முகப்புள்ள கடின மாஸ்க்கில் ஆல்கஹால் பட்டால் மயிரிழை வெடிப்பு விழுந்து ஒளி மங்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு மாதத்துக்குமேல் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து நிழலில் எடுத்து வையுங்கள். கன்ட்ரோலர் உப்பியதுபோல் தெரிந்தால் சார்ஜில் போடாமல் மின்கழிவில் சேர்த்துவிட வேண்டும்.

இத்தனையையும் இணைப்பில் சேர்க்க இடம் இருக்காது என்று தெரியும். அடுத்த வாரம் திருத்தம் வெளியிட இரண்டு வரிதான் கிடைக்கும் என்றால், மங்கு உள்ளவர்கள் நீல ஒளியைப் போடக் கூடாது என்பதற்கு ஒரு வரியும், கண் வளையத்தைக் கழற்றக் கூடாது என்பதற்கு ஒரு வரியும் ஒதுக்க வேண்டுகிறோம். க்ரீம் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தோல் சிகிச்சைப் பிரிவில் ஒளிக்கருவிகளைக் கையாளும் பணியாளர்கள்